எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையில் கேலி, சீண்டல், ஒதுக்கல்: என்ன செயல்பாடு செய்யலாம்?

கரும்பலகை எழுதியது:

எட்டாம் வகுப்பு, 42 பேர், இருபாலரும் படிக்கும் அரசுப் பள்ளி. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, சத்துணவு வரிசையில் ஒரே பையனைத் தினமும் பின்னுக்குத் தள்ளுவது, ஒரு பெண்ணோடு மட்டும் யாரும் பேசாமல் இருப்பது என்று மூன்றும் நடக்கிறது. இதற்காகத் தமிழில் ஆறு பாடவேளை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, தலா 45 நிமிடம். கட்டுரைப் போட்டி, வாசக அட்டை, உறுதிமொழி இந்த மூன்றும் வேண்டாம். செய்வினை-செயப்பாட்டுவினை, உரையாடல் எழுதுதல், கதையை வளர்த்தெழுதுதல் இந்தப் பருவத்தில் எப்படியும் நடத்த வேண்டியவை. அவற்றோடு ஒட்டி வருகிற மாதிரி, படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செவிசாய் (பள்ளி ஆலோசகர்) எழுதியது:

டீச்சர், யாருக்காக இந்த ஆறு வேளை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செய்கிறவனைத் திருத்துவதும், படுகிறவனுக்குத் தெம்பு சொல்வதும் தனியாக உட்கார வைத்துச் செய்ய வேண்டிய வேலை. 42 பேர் முன்னால் அதைச் செய்தால் இரண்டு பேருக்கும் அவமானம்தான் மிஞ்சும். வகுப்பறையில் நடத்த வேண்டியது சுற்றி நின்று பார்க்கிறவர்களுக்கான பாடம்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடனிருந்தவர்களும் 1996இல் சுற்றி நிற்பவர்களைப் பிரித்துக் காட்டினார்கள்: கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், தடுப்பவர். டொரான்டோவில் பள்ளி மைதானங்களில் எடுத்த காணொளிகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வந்தது. 88 விழுக்காடு சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் விஷயம் நின்றுபோயிருக்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தப் பத்து நொடியை.

எல்லாக் கிண்டலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 1970களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவர் பலமும் சமமாக இல்லாதிருப்பது. உங்கள் வரிசைத் தள்ளலில் மூன்றும் இருக்கிறது. இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் கலாய்ப்பது வேறு. அதையும் குற்றம் என்று சொன்னால் பிள்ளைகள் உங்கள் பேச்சையே நம்பமாட்டார்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு ஏற்பாடு. ஒன்று, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்கு யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பாலியல் சீண்டல் என்று தெரிய வந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். இரண்டு, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை இந்தச் செயல்பாடுகளுக்குள் "கேலி" என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே சாதியை வைத்து ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும் நீதிபதி சந்துரு குழுவே அமைக்கப்பட்டது. அது நாடகம் போட்டுத் தீர்க்கிற விஷயமில்லை. உடனே தலைமையாசிரியரிடம் போக வேண்டியது.

---

இலக்கணப்பித்தன் எழுதியது:

முதல் வேளையை என்னிடம் கொடுங்கள். இதைத் துண்டுத்தாளில் எழுதி இருவருக்கு ஒன்றாகக் கொடுக்கலாம்:

"மதியம் பை வீசப்பட்டது. புத்தகங்கள் சிதறின. சிரிப்பு எழுந்தது. 'என்னடா, அழுறியா?' என்று கேட்கப்பட்டது. பை எடுக்கப்படவில்லை. மணி அடித்தது."

பணி 1, 10 நிமிடம்: எந்தெந்த வாக்கியம் செயப்பாட்டுவினை? "சிதறின", "எழுந்தது" இரண்டையும் பாதிப் பேர் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அவை தன்வினை, அங்கே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். "சிரிப்பு எழுந்தது" என்பதில் இலக்கணப்படி சிரிப்புதான் எழுவாய். ஆனால் சிரித்தது யார்?

பணி 2, 10 நிமிடம்: செயப்பாட்டுவினை மூன்றையும் செய்வினையாக மாற்ற வேண்டும். வீசியவனுக்கும் கேட்டவனுக்கும் உடனே பெயர் வைத்துவிடுவார்கள். ஐந்தாவது வாக்கியத்தில்தான் சிக்குவார்கள். "யாரும் பையை எடுக்கவில்லை" என்றுதான் எழுதுவார்கள். அதை ஏற்காதீர்கள். அங்கே ஐந்து பேர் நின்றார்கள், ஐந்து பேருக்கும் பெயர் வையுங்கள் என்று சொல்லுங்கள்.

பணி 3, மீதி நேரம்: ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம். "மாறன் பையை எடுக்கவில்லை, ஏனென்றால் ______." இங்கேதான் வகுப்பு வாய் திறக்கும். அடுத்து என் பை போகும் என்று பயந்தான். வீசியவன் அவனுடைய நண்பன். சார் வந்து பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டான். சும்மா விளையாட்டு என்று நினைத்தான். இந்தக் காரணங்களைப் பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சரி தப்பு சொல்ல வேண்டாம். அடுத்த வேளைகளுக்கு இதுதான் மூலப்பொருள்.

பெயர்களில் கவனம். வகுப்பில் இருக்கிற பெயர் எதுவும் வரக்கூடாது. 15 பெயரை நீங்களே எழுதிக் கொடுத்து அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சொந்தமாக வைக்க விட்டால் ஒரு வாண்டு வேண்டுமென்றே பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரை வைக்கும்.

---

பேச்சுமேடை எழுதியது:

பட்டிமன்றம் வைத்தால் என்ன? "பள்ளிக் கிண்டல் வளர்ப்பது நட்பையா, பகையையா?" பிள்ளைகளுக்குப் பிடித்த வடிவம், பேச்சுப் பயிற்சியும் ஆயிற்று.

---

செவிசாய் எழுதியது:

பேச்சுமேடை ஐயா, இதற்கு மட்டும் வேண்டாம். பட்டிமன்றத்தில் சிரிக்க வைக்கிற அணிதான் ஜெயிக்கும். "நட்பே" அணி உதாரணம் தேடும்போது வகுப்பில் நடந்த கிண்டல்களையே மேடையில் மறுபடி சொல்லும். பாதிக்கப்பட்ட பிள்ளை கீழே உட்கார்ந்து கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவர் தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தக் கைதட்டல் போகாது. வழக்காடு மன்றமும் அப்படித்தான், ஒருவரைக் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டிய வடிவம்.

வாதம்தான் வேண்டுமென்றால் பழமொழியை எடுங்கள். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது போல வீட்டில் கேட்கிற பழமொழிகளை ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லி, இதை யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று இரண்டு வரி எழுத வைக்கலாம். யாரும் தோற்க வேண்டியதில்லை. சாதியையும் உடல்குறையையும் பழிக்கிற பழமொழிகள் நிறைய உண்டு. முதல் நாளே வாங்கிப் பார்த்து அவற்றை எடுத்துவிட்டுத்தான் வகுப்பில் படிக்க வேண்டும்.

---

நாடகக்கூடம் எழுதியது:

பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உண்டாக்கிய விவாத அரங்கு முறை இந்த வேலைக்கு நன்றாக வரும். ஒரு சின்ன மாற்றத்தோடு. அவர் முறையில், ஒடுக்கப்படுகிறவர் இடத்தில் பார்வையாளர் ஏறி வேறுவிதமாக நடந்து பார்ப்பார். பள்ளியில் அப்படியே செய்தால் "நீதான் எதிர்த்து நின்றிருக்கணும்" என்று பாதிக்கப்பட்டவன் தலையிலேயே பொறுப்பு விழுந்துவிடும். அதனால் இங்கே வேடிக்கை பார்ப்பவரை மட்டும் மாற்றலாம் என்று விதி வையுங்கள்.

ஆறு பேர்: செய்பவர், ஒத்தூதுபவர், சிரிப்பவர், படுபவர், பார்ப்பவர் இருவர். காட்சி நான்கு நிமிடம் தாண்டக்கூடாது. இடம் பேருந்து நிறுத்தமோ சத்துணவுக் கூடமோ, முடிவு மோசமாகத்தான் இருக்க வேண்டும். உரையாடலை முந்தைய வேளையில் பிள்ளைகளே எழுதியிருப்பார்கள். ஒருமுறை முழுதாக நடிக்கட்டும். மறுபடி நடிக்கும்போது கீழே இருப்பவர் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, பார்ப்பவரின் தோளைத் தொட்டு அவர் இடத்தில் நிற்கலாம். ஒரு வேளையில் நான்கைந்து முயற்சிக்குத்தான் நேரம் இருக்கும். கடைசி ஏழு நிமிடத்தை வேடம் கழற்றுவதற்கென்றே ஒதுக்குங்கள்.

எங்கே பிசகும் என்றால்:

நிஜத்தில் வம்பு செய்கிறவனுக்குச் செய்பவர் வேடம் கொடுத்தால் அவனுக்கு அது பரிசு. படுபவருக்கு நிஜத்தில் படுகிற பிள்ளையைப் போடவே கூடாது. அந்த வேடத்துக்கு வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த, வாயாடிப் பிள்ளையைப் போடுங்கள். வேடம் அந்தப் பிள்ளையின் மேல் ஒட்டாது.

யாராவது ஏறி வந்து செய்பவரை அடிப்பதுபோல் நடிப்பார்கள், அரங்கமே கைதட்டும். திட்டாதீர்கள். "சரி, மறுநாள் காலை. மூன்று பேர் காத்திருக்கிறார்கள். நடியுங்கள்" என்று காட்சியைத் தள்ளுங்கள். அவர்களே அந்த வழியைக் கைவிடுவார்கள்.

வேடம் கழற்றுவதைத் தவிர்க்கவே கூடாது. ஆறு பேரும் கழுத்தில் மாட்டிய வேட அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, தன் சொந்தப் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இதை விட்டால் "ஒத்தூதி" என்பது மறுநாளிலிருந்து புதுப் பட்டப்பெயர்.

---

கரும்பலகை எழுதியது:

உரையாடல் எழுதச் சொன்னால் "நண்பா, நீ செய்வது தவறு, அனைவரும் சமம்" என்றே எழுதுகிறார்கள். இதை வைத்து எப்படி நாடகம் போடுவது?

---

இலக்கணப்பித்தன் எழுதியது:

எழுத்துத்தமிழில் எழுதச் சொன்னால் உபதேசம்தான் வரும். அவர்கள் படித்த உரையாடல் எல்லாம் அப்படி. மேற்கோள் குறிக்குள் பேச்சுத்தமிழ் கட்டாயம் என்று விதி வையுங்கள். இரண்டாவது விதி: பார்ப்பவர் பேசுகிற வாக்கியம் ஐந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது. "டேய், விடு." "வா, அந்தப் பக்கம் போலாம்." "அவன் நோட்டு எனக்கு வேணும், குடு." "மணியடிச்சிருச்சு, வாங்கடா." மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள், அறிவுரையே இல்லை, ஆனால் காரியம் நடந்துவிடுகிறது. பயந்த பிள்ளையாலும் சொல்ல முடிகிற வாக்கியங்கள் இவை. இருபது வாக்கியம் சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பார்த்து, நிஜமாகவே வாயில் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் நேர்கூற்றுக் குறி, காற்புள்ளி, பேசுபவர் பெயர் வரும் இடம் இவற்றுக்கு மட்டும். கருத்துக்கு மதிப்பெண் போட்டால் மறுபடி "அனைவரும் சமம்" வந்துவிடும்.

அதே காரணத்துக்காக 129ஆம் குறளில் தொடங்காதீர்கள். நாவினாற் சுட்ட வடுவை முதல் நாளே பலகையில் எழுதினால் எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். ஐந்தாம் வேளையில் வரட்டும், அப்போது அதற்கு உயிர் இருக்கும்.

---

வில்லடி எழுதியது:

நாகர்கோவில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வில்லுப்பாட்டை யாரும் சொல்லவில்லையே! புலவர் ஒரு அடி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட்டு அதையே திருப்பிச் சொல்வார்கள். அந்த "ஆமா" இல்லாவிட்டால் புலவரால் நாலு அடி தாண்ட முடியாது. ஏற்றிவிடுகிறவர்களின் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

குழுவுக்கு ஏழு பேர், 42க்கு ஆறு குழு சரியாக வரும். புலவர் ஒருவர், குடம் ஒருவர், தாளம் ஒருவர், பின்பாட்டு நால்வர். வில்லுக்கு நீள பெஞ்சு, வீசுகோலுக்கு இரண்டு மர அளவுகோல், குடத்துக்கு எவர்சில்வர் குடமும் பழைய அட்டையும், தாளத்துக்கு இரண்டு டம்ளர். ஆறு குழுவும் ஒரே நேரத்தில் தட்டினால் பக்கத்து வகுப்பு சண்டைக்கு வரும். மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

பாட்டின் நாயகனாக நிஜப் பிள்ளை யாரையும் நினைவுபடுத்தாத ஒன்றை வையுங்கள். உதாரணத்துக்கு, நீந்தத் தெரியாத வாத்து.

முதல் சுற்று:
"குளக்கரையில் நின்னுதய்யா வாத்து ஒண்ணு" / "ஆமா, வாத்து ஒண்ணு!"
"தண்ணியைக் கண்டா நடுங்குதய்யா" / "ஆமா, நடுங்குதய்யா!"

இரண்டாம் சுற்றில் புலவர் அதே அடிகளைப் பாடுவார், பின்பாட்டு கேள்வி மட்டும் கேட்கும்: "ஏன் நடுங்குது?" "நீரு கேட்டுப் பார்த்தீரா?" "உமக்குப் பறக்கத் தெரியுமா?" புலவர் யோசித்துப் பதில் பாடியாக வேண்டும். மூன்றாம் சுற்றில் பின்பாட்டு வாயே திறக்கக்கூடாது, குடமும் தாளமும் நிற்க வேண்டும். புலவர் தனியாகப் பாடிப் பார்க்கட்டும். மூன்றாவது அடியிலேயே குரல் இறங்கிவிடும்.

ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடம். முதல் சுற்றுதான் எல்லாருக்கும் பிடிக்கும், "இன்னொரு தடவை" என்று கேட்பார்கள். முதல் சுற்றோடு மணி அடித்துவிட்டால் நீங்கள் கேலி செய்யத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். மூன்று சுற்றுக்கும் நேரம் இல்லாத நாளில் தொடங்கவே வேண்டாம்.

சுற்று முடிந்ததும் புலவர்கள் ஆறு பேரிடமும் ஒரே கேள்வி: "எந்தச் சுற்றில் பாட்டு நின்றுவிடும் போல் இருந்தது?" அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டாம்.

---

நாடகக்கூடம் எழுதியது:

வில்லடி அண்ணே, பிரமாதம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூன்றாம் சுற்றின் மௌனமும் "யாரும் பேசாமல் ஒதுக்குவது" என்ற மௌனமும் வேறுவேறு. கரும்பலகை டீச்சர் வகுப்பில் இரண்டாவதும் நடக்கிறது என்பதால் பிள்ளைகள் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதலாவதில் மறுப்பது பாட்டின் அடியை, ஆளை அல்ல. பாட்டு முடிந்ததும் புலவரைப் பின்பாட்டுக்காரர்களே கைபிடித்து உட்கார வைக்கட்டும்.

---

சிலேட்டுக்குச்சி எழுதியது:

காகிதத்தைக் கசக்கிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்லி "பார், சுருக்கம் போகவில்லை" என்று காட்டும் செயல்பாடு வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, ஐந்தே நிமிடத்தில் முடியும். சேர்க்கலாமா?

---

செவிசாய் எழுதியது:

சேர்க்க வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அதில் போகும் செய்தி "நீ இனி நேராகவே மாட்டாய்" என்பது. சுற்றி இருப்பவர்களுக்கோ எதைச் செய்வது என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒதுக்கலுக்குக் கதையை வளர்த்தெழுதும் பாடம் பொருந்தும். தொடக்கமாக மூன்று வரி கொடுங்கள்: குழுவாகச் செய்ய வேண்டிய பணி, நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஐந்தாமவள் ஜன்னலோரம் நிற்கிறாள். ஒரு வரிசை அவளாகத் தன்மையில் எழுதட்டும். ஒரு வரிசை அந்த நால்வரில் ஒருத்தியாக எழுதட்டும். மூன்றாவது வரிசை படர்க்கையில், இருவர் மனத்துக்குள்ளும் போகாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எட்டு வாக்கியம் போதும். மூன்றாவது வகைதான் கடினம். "அவள் வருத்தமாக இருந்தாள்" என்று எழுதிவிடுவார்கள். வருத்தம் எதில் தெரிந்தது என்று திருப்பிக் கேளுங்கள். ஒதுக்கலைக் கண்டுபிடிக்கக் கண் பழகுவது அங்கேதான். அடியைப் போல் அது சத்தம் போடாது.

உங்கள் வகுப்பில் அந்தப் பெண் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், கதையை ஐந்தாமவன் என்று ஆண்பாலுக்கு மாற்றிக் கொடுங்கள். அந்தப் பெண்ணைப் படர்க்கை வரிசையில் உட்கார வையுங்கள்.

---

சிலேட்டுக்குச்சி எழுதியது:

சரி, காகிதம் வேண்டாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று பெயரில்லாத சீட்டு வாங்கலாமா? எங்கள் பள்ளியில் புகார் எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது, ஆனால் அதன் பக்கம் போனாலே நாலு பேர் பார்க்கிறார்கள்.

---

செவிசாய் எழுதியது:

வாங்கலாம், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் குனிந்து எழுதினால் பெயரில்லாச் சீட்டும் பெயருள்ள சீட்டுதான். கையெழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் எழுதவே தேவையில்லாதபடி அச்சடித்த சீட்டாகக் கொடுங்கள், ஒரு தாளில் நான்கு வரும். "இந்த வாரம் யாரையாவது தொந்தரவு செய்வதைப் பார்த்த இடம்": வகுப்பறை, சத்துணவுக் கூடம், கழிப்பறைப் பக்கம், மைதானம், பேருந்து, கைபேசி, எங்கும் இல்லை. குறியிட வேண்டியதுதான். ஆள் பெயர் கேட்காதீர்கள்.

இடம் தெரிந்தாலே பாதி வேலை முடியும். கழிப்பறைப் பக்கத்துக்குக் குறி குவிந்தால் இடைவேளையில் அங்கே ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டு வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்த முறை எல்லாரும் "எங்கும் இல்லை" என்றே குறிப்பார்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி வாங்கும்போது எண்ணிக்கை கூடியிருந்தால் பதறாதீர்கள். முன்பு விளையாட்டு என்று கடந்துபோனதை இப்போது அடையாளம் காண்கிறார்கள் என்பதாகவும் இருக்கலாம்.

சீட்டின் பின்பக்கம் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக்கல்வித் துறை உதவி எண்) இரண்டு எண்ணையும் அச்சடித்துவிடுங்கள். அந்தப் பாதியைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப்போகட்டும்.

---

ஓய்வுபெற்றவர் எழுதியது:

எல்லாரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். வருகைப்பதிவு எடுக்கும்போது "டேய் குள்ளா", விடைத்தாள் கொடுக்கும்போது "மக்கு, எடுத்துக்கோ" என்று ஆசிரியர் சொன்னால் மறுநாள் அது வகுப்பின் பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. பாதிப் பட்டப்பெயர் ஆசிரியர் அறையில் பிறந்தவைதான். மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, மெதுவாகக் கற்பவர்களைக் கடைசி பெஞ்சில் சேர்த்து உட்கார வைப்பது இரண்டையும் இந்த ஆறு வேளை தொடங்குவதற்கு முந்தைய வாரமே நிறுத்துங்கள். மற்ற பாட ஆசிரியர்களிடமும் பேசுங்கள். கணக்குப் பாடவேளையில் நடப்பதைத் தமிழ்ப் பாடவேளையில் கழுவ முடியாது.

---

கரும்பலகை எழுதியது:

ஓய்வுபெற்றவர் ஐயா சொன்னதை ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துப் பேசுகிறேன். எனக்குக் கிடைத்த வரிசை: செய்வினை, ஐந்து சொல் உரையாடல், விவாத அரங்கு, வில்லுப்பாட்டு, கதை. ஆறாவது வேளையைக் காலியாக வைத்துக்கொள்கிறேன், ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு போகும். பழமொழியை வீட்டுப்பாடமாகத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. நல்ல எழுத்து வந்தால் பள்ளிக்கல்வித் துறையின் "தேன்சிட்டு" மாணவர் இதழுக்கு அனுப்பலாமா? அல்லது காலைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லலாமா?

---

செவிசாய் எழுதியது:

வில்லுப்பாட்டை அனுப்புங்கள், குழு எழுதியது, வாத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஐந்து சொல் வாக்கியங்களைப் பெயர் போடாமல் சத்துணவுக் கூடச் சுவரில் ஒட்டலாம்.

தன்மையில் எழுதிய கதைகள் வேண்டாம். கற்பனை என்று எழுதியிருந்தாலும் ஊருக்குள் வேறு மாதிரி வாசிப்பார்கள். அந்தத் தாள்களை மற்ற கட்டுரை நோட்டுகளோடு மேசைமேல் அடுக்கி வைக்காமல் பூட்டி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வகுப்புத்தலைவனிடம் கொடுத்து விநியோகிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே மடித்துக் கையில் கொடுங்கள். ஏதாவது ஒரு தாளில் நிஜம் தெரிந்தால் அதில் சிவப்பு மையில் ஒன்றும் எழுத வேண்டாம். அன்றே, எல்லாரும் மைதானத்தில் இருக்கும் நேரத்தில், "உன் கதையில் ஒரு இடம் கேட்கணும்" என்று தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.